நின்ற வண்டியில் இறங்கும் எண்ணெய்

சில மாதங்கள் கொட்டகையில் நின்றிருந்த பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது, சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெண்புகை எழுந்து தெருவையே மறைப்பதுண்டு. இன்ஜினின் அடியில் எண்ணெய் சொட்டும். எண்ணெய்த் தொட்டியைத் திறந்து பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டி இன்ஜினைப் பிரிக்கச் சொல்வோர் பலர். பல நேரங்களில் வளையங்கள் நலமாகவே இருக்கும். தொட்டியில் இருக்க வேண்டிய எண்ணெய், வண்டி நின்ற காலத்தில் மெல்ல இறங்கி இன்ஜினின் அடியில் தேங்கியிருக்கும், அவ்வளவே.

இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் எப்போதும் இன்ஜினின் அடியில்தான் இருக்கிறது. எனவே இறங்குவதற்கு வேறு இடமில்லை. நார்ட்டன், டிரையம்ப், பிஎஸ்ஏ போன்ற ஆங்கிலேய வண்டிகள் வேறு முறையைப் பின்பற்றின. அவற்றில் எண்ணெய் தனித்தொட்டியில் இருக்கும். ஒரு பம்ப் அதை இன்ஜினுக்குள் செலுத்தும். அடியில் வழிந்து சேர்வதை இன்னொரு பம்ப் உறிஞ்சித் தொட்டிக்கே திருப்பி அனுப்பும். திருப்பி அனுப்பும் பம்பின் கொள்ளளவு செலுத்தும் பம்பைவிட அதிகம் என்பதால், வண்டி ஓடும் வரை இன்ஜினின் அடிப்பகுதி ஏறத்தாழ வறண்டே இருக்கும். கனத்த சுழல்சக்கரம் எண்ணெயில் மூழ்கி உழல வேண்டியதில்லை. தனித்தொட்டியில் எண்ணெயும் ஓரளவு குளிரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், வண்டி நின்றதும் இரு பம்புகளும் நின்றுவிடுகின்றன. புவியீர்ப்பு நிற்பதில்லை.

பம்பின் பற்சக்கரங்களுக்கும் அதன் உறைக்கும் இடையே மயிரிழை அளவு இடைவெளி இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் சுழலாது. உயரத்தில் உள்ள தொட்டியிலிருந்து அந்த இடைவெளி வழியே எண்ணெய் கசிகிறது. ஆகவே, சிறிது கசிவு பழுதன்று. அது அந்த வடிவமைப்பிலேயே உள்ளது. தேய்மானம் கூடும்போதுதான் கணக்கு மாறுகிறது. குறுகிய இடுக்கின் வழியே கசியும் திரவத்தின் அளவு, இடுக்கின் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்பக் கூடும் என்பது இயற்பியல் விதி. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். நல்ல பம்ப் உள்ள வண்டி வாரக்கணக்கில் எண்ணெயைத் தாங்கி நிற்பதும், தேய்ந்த பம்ப் உள்ள வண்டி ஓரிரு நாள்களில் தொட்டியைக் காலி செய்வதும் இதனால்தான்.

வெப்பமும் இதில் பங்கேற்கிறது. சூடான எண்ணெய் நீர்த்திருக்கும். வண்டியை நிறுத்திய முதல் சில மணி நேரத்தில் கசிவு விரைவாக நிகழும். இங்கிலாந்தின் குளிருக்குள் நிற்கும் வண்டியைவிட, சென்னையின் கோடையில் நிற்கும் அதே வண்டியில் எண்ணெய் பல மடங்கு வேகமாக இறங்கும். வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் தம் வண்டி மூன்று மாதம் தாங்குகிறது என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, நம் வண்டியின் பம்பைக் குறைசொல்வது முறையாகாது.

இங்கே ஒரு பொறியும் உண்டு. தொட்டி குறைந்திருப்பதைக் கண்டதும் புது எண்ணெயை ஊற்றி நிரப்புவது இயல்பான செயல். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அடியில் தேங்கியிருந்த எண்ணெய் முழுவதும் தொட்டிக்குத் திரும்பும். நிரம்பிய தொட்டியில் அதற்கு இடமேது? மூடியின் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் பின்சக்கரத்தின் மீது அது வழியும். பின்சக்கரத்தில் எண்ணெய் படிந்த வண்டி வளைவில் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவ்வகை வண்டிகளில் எண்ணெய் அளவைப் புறப்படும் முன் பார்க்கக் கூடாது. ஓட்டி முடித்த சில நிமிடங்களில் பார்க்க வேண்டும்.

இனி, தடுக்கும் வழிகள். பலரும் முதலில் நாடுவது, தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் நடுவே ஒரு திருகுக் குழாயைப் பொருத்துவது. வண்டியை நிறுத்தியதும் மூடிவிட்டால் ஒரு சொட்டும் இறங்காது. செலவு மிகக் குறைவு. பயனும் முழுமையானது. ஆனால், ஒருநாள் திறக்க மறந்தால் இன்ஜின் எண்ணெயின்றி ஓடும். நார்ட்டன் கமாண்டோ போன்ற இன்ஜின்களில் கனெக்டிங் ராடின் பெருமுனைத் தாங்கிகள் எண்ணெய்ப் படலத்தின் மீதே மிதப்பவை. அப்படலம் அற்றுப்போனால் சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். புகையோ ஒழுகலோ எதுவும் முன்கூட்டி எச்சரிக்காது.

இரண்டாவது வழி, அதே குழாயில் எஃகுக் குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட தானியங்கி வால்வைப் பொருத்துவது. மனிதரின் மறதிக்கு இதில் இடமில்லை என்பதால் பலர் இதை விரும்புகின்றனர். ஆயினும் இதன் கணக்கைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலான உயரம் 40 சென்டிமீட்டர் என்றால், அந்த எண்ணெயின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். ஸ்பிரிங் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். அதே வேளையில், பம்ப் உறிஞ்சும் மெல்லிய விசைக்கு வழிவிடவும் வேண்டும். தேய்ந்த பம்ப்தான் கசிவுக்குக் காரணம். தேய்ந்த பம்பின் உறிஞ்சும் திறனும் குறைந்திருக்கும். அதாவது, இந்த வால்வு எந்த வண்டிக்கு மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த வண்டியில்தான் அதைத் திறக்கும் ஆற்றல் குறைவு. எண்ணெய் மாற்றும்போது குழாயில் காற்று புகுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். பம்ப் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும், வால்வு மூடியபடியே கிடக்கும்.

தொழிற்சாலைகள் இச்சிக்கலை அறியாமல் இல்லை. அவை தேர்ந்தெடுத்த இடம் வேறு. பிஎஸ்ஏ ஏ65 வண்டிகளில் குண்டும் ஸ்பிரிங்கும் பம்புக்கு அப்பால், எண்ணெயை அழுத்தித் தள்ளும் பக்கத்தில் இருந்தன. 1975-இல் வெளிவந்த நார்ட்டன் கமாண்டோ 850 மார்க் 3 வண்டியின் வலப்புற உறையிலும் அப்படியே அமைத்தனர். பம்ப் உறிஞ்சும் விசை சிறிது. தள்ளும் விசை பெரிது. தள்ளும் பக்கத்து வால்வு திறக்காமல் போகும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய கமாண்டோக்களின் உறையையும் இவ்வாறு மாற்றியமைக்க முடியும். கடைசல் வேலை தெரிந்தவர் கிடைத்தால் அதுவே சிறந்த வழி என்பது என் கருத்து.

அதற்கும் முன்னதாகச் செய்யத்தக்கது பம்பையே சீராக்குவது. நார்ட்டன் பம்பைப் பிரித்து, சமதளமான தடித்த கண்ணாடியின் மீது தேய்ப்புப் பசை இட்டு உறையின் முகத்தைத் தேய்த்தால், பக்கவாட்டு இடைவெளி குறையும். மும்மடி விதி இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது. டிரையம்பின் பம்ப் வேறு வகை: இரு உந்துதண்டுகள், அவற்றின் அடியில் இரு குண்டு வால்வுகள். குண்டின் இருக்கையில் துளி அழுக்குச் சிக்கினாலும் எண்ணெய் இறங்கும். அதைக் கழுவித் துடைப்பதே பல வேளைகளில் போதும்.

இத்தனைக்குப் பிறகும் திருகுக் குழாய்தான் வேண்டும் என்போர், அதன் கைப்பிடியுடன் மின் சுவிட்சு ஒன்றை இணைத்து, குழாய் திறந்திருந்தால் மட்டுமே தீப்பொறி கிடைக்குமாறு செய்துகொள்ள வேண்டும். சாவியைக் குழாயில் கட்டித் தொங்கவிடுவது, ஹேண்டில்பாரில் சீட்டு ஒட்டுவது எல்லாம் சில மாதங்களுக்குத்தான். பிறகு கண் பழகிவிடும்.

நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஓடும் பழைய புல்லட்டையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, பின்னர் திருவொற்றியூரில் பல்லாண்டுகள் உருவான அந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. (ராஜ்தூத், எஸ்டி போன்றவற்றுக்கு இக்கவலை இல்லை, அவற்றின் எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே எரிந்துவிடும்.) ஆனால், புல்லட்டின் எண்ணெய்த் தொட்டி வெளியே தொங்குவதன்று, இன்ஜினின் வார்ப்புக்குள்ளேயே, சுழல்சக்கர அறைக்குப் பின்னால் அமைந்த ஓர் அறை. ஆகவே, தொட்டிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரம் சொற்பம். இடையில் வெளிக்குழாயும் இல்லாததால், திருகுக் குழாய் பொருத்தும் விபரீத ஆசைக்கும் வழியில்லை. புல்லட்டில் எண்ணெய் விரைந்து இறங்கினால், பம்பின் வட்டத் தகட்டில் கீறல் விழுந்துள்ளதா என்று பார்த்து, அதைத் தேய்த்துச் சமன்செய்ய வேண்டும்.

இவை எதுவும் செய்யாமலும் பழைய வண்டியைப் பேண முடியும் என்பதே உண்மை. இறங்கிய எண்ணெய் புகையும் அழுக்கும் தரும். சில வண்டிகளில் கிளட்ச் அறைக்குள் புகுந்து நழுவச் செய்யும். அரிதாகவே இன்ஜினைக் கொல்லும். வாரம் ஒருமுறை பத்து கிலோமீட்டர் ஓட்டினால் தேக்கம் பெருகாது. நீண்ட நாள் நின்ற வண்டியானால், அடித்திருகைக் கழற்றித் தேங்கியதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து, வடிகட்டித் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளப்பலாம். புல்லட்டில் டிகம்ப்ரஸர் நெம்பைப் பிடித்தபடி இருபது முப்பது முறை நிதானமாக உதைத்தாலே திருப்பி அனுப்பும் பம்ப் ஓரளவை மேலேற்றிவிடும். கிளப்பியதும் உடனே முறுக்கக் கூடாது. தனித்தொட்டி உள்ள வண்டியில் மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும்: திரும்பி வரும் எண்ணெய் முதலில் இடைவிடாத தாரையாக விழும், அடிப்பகுதி வறண்டதும் காற்றுக் குமிழிகளோடு விட்டுவிட்டுத் துப்பத் தொடங்கும். அதன் பிறகு கியரைப் போடலாம். ஒரு நிமிடம் கடந்தும் எதுவும் திரும்பி வரவில்லையென்றால் உடனே இன்ஜினை நிறுத்திவிட வேண்டும்.