புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முன்னுரிமை வரிசையும் காரைக்காலும்

முன்னுரிமை வரிசை என்பது அரசு விழாக்களிலும் சடங்கு நிகழ்ச்சிகளிலும் பதவியில் இருப்போர் எந்த ஒழுங்கில் வரவேற்கப்பட வேண்டும், எந்த ஒழுங்கில் அமர வேண்டும் என்பதை வகுக்கும் பட்டியல் ஆகும். இந்தியா முழுமைக்குமான பட்டியலைக் குடியரசுத் தலைவரின் செயலகம் 1979 சூலை 26 அன்று அறிவிக்கையாக வெளியிட்டது. பிற்காலத் திருத்தங்களுடன் அதுவே இன்றும் நடைமுறையில் உள்ளது. இதில் 26 படிநிலைகள் உள்ளன. இடையில் புதிதாகச் சேர்க்கப்பட்டவை 5அ, 7அ, 9அ என எண்ணிடப்பட்டுள்ளன. ஒரே படிநிலையில் பல பதவிகள் இடம்பெறுவதுண்டு. அவர்களுக்குள் யார் முந்தியவர் என்பதை அந்தப் படிநிலைக்குள் நுழைந்த நாள் முடிவு செய்கிறது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியும் அதன் ஒரு பகுதியான காரைக்காலும் இப்பட்டியலுக்கு உட்பட்டவை. ஆனால் பட்டியல் மாநிலங்களை ஒரு விதமாகவும் ஒன்றியப் பகுதிகளை வேறு விதமாகவும் நடத்துவதால், நான்கு புறமும் தமிழ்நாடும் கடலும் சூழ்ந்த காரைக்காலில் சில வியப்பான விளைவுகள் ஏற்படுகின்றன.

பட்டியலில் புதுச்சேரியின் இடம்

ஒரு மாநில ஆளுநர் தம் மாநிலத்துக்குள் 4-ஆம் படிநிலையில் இருக்கிறார். குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், பிரதமர் ஆகிய மூவர் மட்டுமே அவருக்கு மேல். ஒன்றியப் பகுதியின் துணைநிலை ஆளுநருக்கோ தம் பகுதிக்குள் கிடைப்பது 11-ஆம் படிநிலை. இந்தியத் தலைமை வழக்குரைஞரும் அமைச்சரவைச் செயலாளரும் அதே படிநிலையினர்.

முதலமைச்சர்களிடையே இடைவெளி இன்னும் பெரிது. மாநில முதலமைச்சர் தம் மாநிலத்தில் 7-ஆம் படிநிலையில், ஒன்றிய அரசின் கேபினட் அமைச்சர்களுக்கு நிகராக உள்ளார். ஒன்றியப் பகுதியின் முதலமைச்சர் தம் பகுதிக்குள் 15-ஆம் படிநிலையில் உள்ளார். அங்கு அவருக்கு நிகரானவர்கள், தத்தம் மாநிலங்களுக்குள் இருக்கும் மாநிலக் கேபினட் அமைச்சர்களும் ஒன்றிய அரசின் துணை அமைச்சர்களும் ஆவர். அதாவது சென்னையில் இருக்கும் தமிழ்நாட்டு அமைச்சரும் புதுச்சேரியில் இருக்கும் முதலமைச்சரும் சடங்குக் கணக்கில் ஒரே தரத்தவர்.

இந்த வேறுபாடு அரசியலமைப்பு ஏற்பாட்டோடு ஒட்டியது. மாநில முதலமைச்சரை ஆளுநர் நியமிக்கிறார். 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் அரசுச் சட்டப்படி புதுச்சேரி முதலமைச்சரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபாடு எழுந்தால் அது குடியரசுத் தலைவரின் முடிவுக்குச் செல்லும். சட்டப்பேரவை இருந்தாலும் புதுச்சேரி முழு மாநிலம் அன்று என்பதைப் பட்டியல் எண்களால் சொல்கிறது.

புதுச்சேரி அமைச்சர்களும் சட்டப்பேரவைத் தலைவரும் 18-ஆம் படிநிலையில் உள்ளனர். மாநிலங்களில் பேரவைத் தலைவர் 14, கேபினட் அமைச்சர் 15 என்பதால் தலைவரே முந்தியவர் என்பதில் ஐயம் இல்லை. புதுச்சேரியில் இருவரும் ஒரே எண்ணில் இருப்பதால் யார் முதலில் பதவியேற்றார் என்று பார்க்க வேண்டியுள்ளது. பேரவையை நடத்துபவரின் தகுதி நாட்காட்டியைப் பொறுத்து ஏறி இறங்குவது பொருத்தமான ஏற்பாடாகத் தோன்றவில்லை.

எல்லையைத் தாண்டும்போது

பட்டியலின் பல வரிகளில் 'தம் மாநிலத்துக்குள்', 'தம் மாநிலத்துக்கு வெளியே', 'தம் ஒன்றியப் பகுதிக்குள்' என்ற நிபந்தனைகள் உள்ளன. பெரிய மாநிலங்களில் இவை அடிக்கடி கவனத்துக்கு வருவதில்லை. காரைக்காலிலோ எல்லை என்பது பேருந்தில் சில நிமிடத் தொலைவு. வடக்கே தரங்கம்பாடியில் இருந்து வருபவர் நண்டலாற்றைக் கடந்ததும் பூவத்தில் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குள் நுழைகிறார். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், மீண்டும் தமிழ்நாடு.

தமிழ்நாட்டு முதலமைச்சர் இந்தக் கடற்கரைச் சாலையில் நாகப்பட்டினத்துக்குச் செல்வதாகக் கொள்வோம். நண்டலாறு வரை அவர் 7-ஆம் படிநிலையில் இருக்கிறார். பாலத்தைக் கடந்ததும் 'வெளியே இருக்கும் முதலமைச்சர்' என்ற வகையில் 8-ஆம் படிநிலைக்கு வருகிறார். வாஞ்சூரைத் தாண்டியதும் மீண்டும் 7. ஒரு படி இறங்கிய நிலையிலும் காரைக்காலில் அவர் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநருக்கும் (11) முதலமைச்சருக்கும் (15) மேலானவர். விருந்தினராக வந்தவர் வீட்டுக்காரரை முந்துகிறார்.

அமைச்சர்கள் விடயத்தில் நிலை சற்றுச் சமன்படுகிறது. தமிழ்நாட்டுக் கேபினட் அமைச்சர் நாகப்பட்டினத்தில் 15, காரைக்காலில் 18. புதுச்சேரி அமைச்சரும் காரைக்காலில் 18. காவிரி நீர், மீனவர் சிக்கல், சாலைப் பணி என்று இரு அரசுகளுக்கும் பொதுவான விவகாரங்கள் மிகுந்த வட்டாரத்தில், இருவரும் ஒரே மேடையில் அமரும் வாய்ப்பு அரிதன்று.

ஒன்றிய அரசின் அமைச்சர்கள் வரும்போது கணக்கு வேறு. கேபினட் அமைச்சர் எங்கிருந்தாலும் 7, இணை அமைச்சர் எங்கிருந்தாலும் 10. தேசியத் தொழில்நுட்பக் கழகம், சிப்மர் கிளை போன்ற ஒன்றிய அரசு நிறுவனங்கள் காரைக்காலில் உள்ளதால் இத்தகைய வருகைகள் உண்டு. அப்போது தில்லியில் இருந்து வரும் ஓர் இணை அமைச்சர்கூடத் துணைநிலை ஆளுநரை முந்துகிறார்.

நீதித்துறையிலும் இது போன்றதே. புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆள்வரைக்கு உட்பட்டது. ஆள்வரைக்குள் தலைமை நீதிபதிக்கு 14-ஆம் படிநிலையும் பிற நீதிபதிகளுக்கு 17-ஆம் படிநிலையும் உண்டு. நீதிபதிகளைப் பொறுத்தவரை எல்லை என்பது ஆள்வரையே என்பதால் நண்டலாறு அவர்களுக்கு ஒரு பொருட்டன்று. காரைக்காலில் நீதிமன்றக் கட்டடம் ஒன்று திறக்கப்பட்டால் தலைமை நீதிபதி, முதலமைச்சர், பிற நீதிபதிகள், அதன் பிறகு அமைச்சர்கள் என்பதே பட்டியல் தரும் ஒழுங்கு.

ஒருவர், பல எண்கள்

புதுச்சேரி அரசியல்வாதிகளின் வாழ்க்கை வரலாற்றில் இந்த எண்களை வைத்துப் பார்த்தால் பதவி உயர்வும் வரிசை உயர்வும் ஒன்றல்ல என்பது தெரியும். வே. நாராயணசாமி பிரதமர் அலுவலக இணை அமைச்சராக இருந்தபோது 10-ஆம் படிநிலையில் இருந்தார். 2016 முதல் 2021 வரை முதலமைச்சராக ஓர் அரசுக்கே தலைமை தாங்கியபோது 15-ஆம் படிநிலையில் இருந்தார். மூன்று முறை முதலமைச்சராக இருந்த எம். ஓ. எச். பாரூக் பின்னர் சார்க்கண்டிலும் கேரளத்திலும் ஆளுநரானார். புதுச்சேரியில் 15-ஆக இருந்தவர் திருவனந்தபுரத்தில் 4 ஆனார்.

2021 பிப்ரவரி முதல் 2024 மார்ச்சு வரை தெலங்காணா ஆளுநர் தமிழிசை சௌந்தரராசன் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநர் பொறுப்பைக் கூடுதலாக வகித்தார். அவருக்குக் காரைக்காலில் இரண்டு எண்கள் பொருந்தின. துணைநிலை ஆளுநர் என்ற முறையில் 11. தம் மாநிலத்துக்கு வெளியே இருக்கும் ஆளுநர் என்ற முறையில் 8. அவருக்குப் பின் சில மாதங்கள் பொறுப்பு வகித்த சி. பி. இராதாகிருட்டிணனும் அப்போது சார்க்கண்டு ஆளுநர் என்பதால் அதே நிலையில் இருந்தார்.

கொடியும் மகிழுந்தும்

எல்லா விதிகளும் ஒன்றியப் பகுதியைக் கீழே வைப்பதில்லை. 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு, மகிழுந்தில் தேசியக் கொடி பறக்கவிடும் சலுகை யாருக்கு உண்டு என்று வரையறுக்கிறது. அதில் ஆளுநரும் துணைநிலை ஆளுநரும் ஒரே வரியில் வருகின்றனர். 'மாநிலம் அல்லது ஒன்றியப் பகுதியின்' முதலமைச்சரும் அமைச்சர்களும் வேறுபாடின்றி வேறொரு வரியில் வருகின்றனர். மேடையில் எட்டுப் படி இடைவெளியில் உள்ள இருவர் சாலையில் சமமானவர்கள். வண்டிகளின் சிவப்புச் சுழல்விளக்கு 2017 மே 1 முதல் நீக்கப்பட்ட பிறகு, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும் தகுதி அடையாளமாக இந்தச் சிறு கொடியே எஞ்சியுள்ளது.

கொடியேற்றும் உரிமையும் வரிசைச் சிக்கலோடு தொடர்புடையது. விடுதலை நாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே கொடியேற்றி வந்தனர். தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. கருணாநிதியின் முயற்சியால் 1974 முதல் அந்த உரிமை முதலமைச்சர்களுக்குக் கிடைத்தது. புதுச்சேரியிலும் விடுதலை நாளில் முதலமைச்சரும், குடியரசு நாளில் துணைநிலை ஆளுநரும் கொடியேற்றுகின்றனர். இருவரும் ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இருக்க இயலாது என்பதால், காரைக்காலில் விடுதலை நாள் அணிவகுப்பு மரியாதையை அமைச்சர் ஒருவர் ஏற்பது வழக்கம். அன்று அந்தத் திடலில் 18-ஆம் படிநிலையே முதலிடம் ஆகிறது.

பிரெஞ்சுக் காலம்

காரைக்கால் 1739-இல் தஞ்சை மராத்தியரிடம் இருந்து பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அக்காலப் புதுச்சேரியில் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761), பீரங்கி மரியாதை, பல்லக்கு, மேளவாத்தியம், வெகுமதித் துணி ஆகியவற்றை விடாமல் பதிவு செய்கிறது. யாருக்கு எத்தனை குண்டு போடப்பட்டது என்பது வெறும் ஆரவாரம் அன்று. அரசியலில் அவருடைய மதிப்பு அன்று எவ்வளவு என்பதற்கான அளவுகோல் அது.

பிரான்சில் நெப்போலியன் 1804-இல் பிறப்பித்த ஆணை சடங்கு வரிசையை ஒழுங்குபடுத்தியது. 1907-இல் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. தனியாட்களுக்கு ஒரு வரிசை, நீதிமன்றம், நகர்மன்றம் முதலிய அமைப்புகளுக்கு வேறொரு வரிசை என்பது பிரெஞ்சு மரபின் தனித்தன்மை. இந்தியப் பட்டியலில் அமைப்புகளுக்கு இடம் இல்லை. 1880-இல் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்களும் அவற்றுக்கு மேர்களும் ஏற்பட்ட பிறகு, புதுச்சேரி ஆளுநரின் கீழ் காரைக்காலை ஆண்ட நிர்வாகியோடு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களும் பொது வாழ்வில் இடம்பிடித்தன. அந்நாட்களில் வாஞ்சூருக்கு அப்பால் நாகூரில் மரியாதையின் ஒழுங்கு இலண்டனைப் பார்த்தது, இப்பால் பாரிசைப் பார்த்தது.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது. 1963-இல் துணைநிலை ஆளுநர், முதலமைச்சர், சட்டப்பேரவை என்ற இன்றைய அமைப்பு உருவானது.

பட்டியலில் இல்லாதவர்கள்

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு மக்களவையில் ஓர் உறுப்பினரும் மாநிலங்களவையில் ஓர் உறுப்பினரும் உள்ளனர். நாடாளுமன்ற உறுப்பினர்களின் படிநிலை 21. இந்திய அரசின் செயலாளர்கள் 23-இல் உள்ளதால், அந்த நிலை அதிகாரிகளுக்குப் பின்னால் நாடாளுமன்ற உறுப்பினரை அமர்த்தக் கூடாது என்பது ஒன்றிய அரசு திரும்பத் திரும்ப அனுப்பும் அறிவுறுத்தல். ஒருவரின் தொகுதி பல மாவட்டங்களில் பரந்திருந்தால் ஒவ்வொரு மாவட்டத்தின் அரசு விழாவுக்கும் அவரை அழைக்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. ஆகவே புதுச்சேரி உறுப்பினருக்குக் காரைக்கால் விழாவின் அழைப்பிதழில் பெயர் இருப்பது முறைப்படியான தேவை.

சட்டமன்ற உறுப்பினர்கள் தேசியப் பட்டியலில் இல்லை. நெடுங்காடு, திருநள்ளாறு, காரைக்கால் வடக்கு, காரைக்கால் தெற்கு, நிரவி–திருமலைராயன்பட்டினம் ஆகிய 5 தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் இதுவே நிலை. மாநில அரசுகள் சட்டமன்ற உறுப்பினர், மேயர் போன்றோரைச் சேர்த்துத் தத்தம் விழாக்களுக்குத் தனிப் பட்டியல் வைத்துக்கொள்வதுண்டு. அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனது, பெயர் கீழே போனது என்று எழும் பூசல்களில் பெரும்பாலானவை தேசியப் பட்டியல் பேசாத இந்த அடுக்குகளில்தான் நிகழ்கின்றன.

மாவட்ட ஆட்சியரும் பட்டியலில் இல்லை. விழாவை ஏற்பாடு செய்வதும் நாற்காலிகளின் ஒழுங்கைத் தீர்மானிப்பதும் அவருடைய அலுவலகமே. தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்கப்படுவதும் அங்கேதான். திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சி, காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா, மசுதான் சாகிப் தர்காவின் கந்தூரி ஆகியவற்றுக்கு அமைச்சர்களும் அதிகாரிகளும் வருவர். ஆனால் கோயிலின் முதல் மரியாதையும் பரிவட்டமும் கோயில் வழக்கைச் சார்ந்தவை. 1979-ஆம் ஆண்டின் அறிவிக்கைக்கு அங்கே வேலை இல்லை.

அதிகாரமும் வரிசையும்

பட்டியலின் முதல் குறிப்பே, இது அரசு விழாக்களுக்கும் சடங்கு நிகழ்ச்சிகளுக்கும் மட்டுமே, அன்றாட அரசுப் பணிக்கு இது பொருந்தாது என்கிறது. கோப்பில் யாருடைய கையொப்பம் செல்லும் என்பதை 11, 15 என்ற எண்கள் முடிவு செய்வதில்லை. கிரண் பேடி துணைநிலை ஆளுநராக இருந்தபோது அவருக்கும் அமைச்சரவைக்கும் எழுந்த அதிகாரப் பூசலில், 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒரு தீர்ப்பு வழங்கினார். 2020-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அந்த வழக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அரசியலமைப்பின் 239அ பிரிவையும் சுற்றியே நடந்தது.

மாநிலத் தகுதி கோரிப் புதுச்சேரி சட்டப்பேரவை பலமுறை தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. நிதிப் பகிர்வும் நிர்வாக உரிமையுமே அக்கோரிக்கையின் உள்ளடக்கம். கோரிக்கை நிறைவேறினால் முதலமைச்சர் 15-இல் இருந்து 7-க்கும், பேரவைத் தலைவர் 18-இல் இருந்து 14-க்கும், கேபினட் அமைச்சர்கள் 15-க்கும் செல்வர். துணைநிலை ஆளுநரின் இடத்தில் 4-ஆம் படிநிலையில் ஓர் ஆளுநர் இருப்பார். அப்போது காரைக்காலுக்கு வரும் தமிழ்நாட்டு முதலமைச்சர் புதுச்சேரி முதலமைச்சருக்கு அடுத்த நாற்காலியில் அமர்வார்.