கெடுத்துப் பார்த்துக் கற்க ஒரு கணிப்பொறிக் கூடம்

நீந்தக் கற்க விரும்புகிறவர் முதல் நாளே மாமல்லபுரத்துக் கடலில் இறங்குவதில்லை. கிணற்றிலோ குளத்திலோ பழகுகிறார். அதற்குத் தெற்கே கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலையை இயக்கவிருக்கும் பொறியாளர்களும், அதன் கட்டுப்பாட்டு அறையைப் போலவே அமைந்த சிமுலேட்டரில்தான் முதலில் பயிற்சி பெறுகின்றனர். தவறு செய்தால் யாருக்கும் தீங்கு நேராத இடமே கற்பவருக்கு ஏற்ற இடம். சர்வர் நிர்வாகம் கற்கவும் அப்படி ஓர் இடம் வேண்டும். அதை அமைக்கும் முறையை இங்கே காண்போம்.

சர்வர் என்பது மதிப்பெண், வருகைப் பதிவு, கட்டணக் கணக்கு போன்றவற்றைக் காத்து, கேட்கும் கணிப்பொறிகளுக்கு வழங்கும் கணிப்பொறி. அதைப் பேணக் கற்பவர் நிறுத்தியும், மாற்றியும், சில வேளை கெடுத்தும் பார்க்க வேண்டும். வேலையில் இருக்கும் சர்வரில் இதைச் செய்ய முடியுமா? புதிதாக மூன்று கணிப்பொறிகள் வாங்கவும் எல்லோராலும் இயலாது.

இதற்கு விடை மெய்நிகர் கணிப்பொறி. ஒரே கணிப்பொறியின் நினைவகத்தையும் வன்தட்டையும் பங்கிட்டு, அதனுள் பல கணிப்பொறிகள் இயங்குவது போலச் செய்யும் மென்பொருள் இது. ஐ.பி.எம். நிறுவனம் 1960களிலேயே பெருங்கணிப்பொறிகளில் இதைச் செய்தது. இன்று விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை விலையின்றிப் பெறலாம். 8 ஜி.பி. நினைவகமுள்ள சாதாரணக் கணிப்பொறி போதும்.

முதலில் டெபியன் லினக்ஸை எழுத்துத் திரை மட்டும் உள்ளதாக மூன்று மெய்நிகர் கணிப்பொறிகளில் நிறுவுவோம். ஒவ்வொன்றுக்கும் 1 ஜி.பி. நினைவகம் ஒதுக்கலாம். இரண்டு சர்வர்கள், மூன்றாவது அவற்றிடம் கேட்கும் கணிப்பொறி. தேவையான மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் வரை இணைப்பை 'நாட்' முறையிலேயே வைத்திருக்கலாம். பிறகு மூன்றையும் 'இன்டர்னல் நெட்வொர்க்' முறைக்கு மாற்றி, 10.10.10.1, 10.10.10.2, 10.10.10.3 என முகவரிகளை நாமே கொடுக்க வேண்டும். இனி அவை தமக்குள் மட்டுமே பேசும். பகிர்ந்த கோப்புறை, பகிர்ந்த கிளிப்போர்டு ஆகியவற்றையும் மூடிவிடுவது நன்று.

இம்மதில் எதற்கு? 'பிரிட்ஜ்டு' என்ற முறையைத் தேர்ந்தால் நம் பயிற்சி சர்வர் பள்ளியின் உண்மையான வலையமைப்பில் சேர்ந்துவிடும். அதில் முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. பணியைத் தொடங்கினால், அலுவலகக் கணிப்பொறிகளும் அதனிடம் தவறான முகவரி பெறக்கூடும். கட்டணம் செலுத்த வந்த பெற்றோர் வரிசையில் நிற்க, அலுவலகக் கணிப்பொறி தன் சர்வரைக் காணாமல் திகைக்கும். காரணத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று.

ஆகவே பயிற்சிக்கு முன் ஒரு சோதனை. ஒரு மெய்நிகர் கணிப்பொறியிலிருந்து மற்றொன்றை 'பிங்' கட்டளையால் அழைத்தால் பதில் வர வேண்டும். ஆய்வகத்தின் வேறு கணிப்பொறியை அழைத்தால் பதில் வரக்கூடாது. இங்கே தோல்வியே வெற்றி!

இனித் துணிந்து கற்கலாம். முதலில் 'ஸ்னாப்ஷாட்' எடுத்து அப்போதைய நிலையைப் பதிந்துகொள்வோம். பிறகு ஒரு முக்கியக் கோப்பை அழித்துப் பார்ப்போம். சர்வர் ஏன் எழவில்லை என்று ஆராய்வோம். விடை கிடைக்காவிட்டால் பழைய நிலைக்கு மீளச் சில நிமிடங்களே ஆகும். ஆனால் ஸ்னாப்ஷாட்டும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டு பழுதானால் அதுவும் போய்விடும். எனவே தனிப் படியொன்றை வேறிடத்தில் வைக்கவும், செய்ததை நோட்டில் தேதியிட்டு எழுதவும் வேண்டும்.

பிரித்து வைத்தல் மாணவியரின் பயிற்சிக்கு மட்டும் உரியதன்று. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில், இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணிப்பொறியில் தீய மென்பொருள் புகுந்தது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் நாள் அதைச் சுட்டிக்காட்டியது. அக்டோபர் 30ஆம் நாள் இந்திய அணுமின் கழகம் அதை உறுதிப்படுத்தியது. முக்கியமான உள் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருப்பதையும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்பதையும் தெரிவித்தது. பழுது எங்கும் நுழையலாம். அது எதுவரை பரவும் என்பதை மதிலே முடிவு செய்கிறது.

தோழியரே, கணிப்பொறியைத் தொடவே அஞ்சுகிறவர் நம்முள் பலர். கெட்டுவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். கெடுத்தாலும் பிறர்க்குத் துன்பம் வராத ஓர் இடத்தை முதலில் அமைப்போம். நாளை பலருடைய கணக்கும் பதிவும் நம் பொறுப்பில் ஒப்படைக்கப்படும்போது, அங்கே பழகிய கை நடுங்காது.