வீட்டு முற்றத்தில் ஒரு சைக்கிள் பட்டறை

வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பூவரசங்குளத்தைக் கடப்போர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் புத்தகப் பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டிகளில் வரிசையாகச் செல்வர். அவர்களை உரசுவது போல் பஸ் வண்டிகளும் லொறிகளும் விரைந்தோடும். பள்ளி முடிந்து, தனியார் வகுப்பும் முடிந்து வீடு திரும்புகையிற் பொழுது சாய்ந்துவிடும். வன்னியில் அந்திப்பொழுது நெடுநேரம் நிற்பதில்லை. காடும் வயலும் ஒருங்கே இருண்டுவிடும். அவ்வேளையில் முன்னே விளக்கின்றி, பின்னே சிவப்பு வில்லையுமின்றிச் செல்லும் வண்டிகளைக் காணும்போது நம் நெஞ்சு பதைக்கிறது.

கடையில் வாங்கிப் பூட்டலாமே என்று சொல்வது எளிது. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் தட்டுப்பாடு நாட்டை வாட்டியபோது மோட்டார் வண்டிகள் வீட்டில் உறங்க, யாவரும் சைக்கிளைத் தேடினர். வண்டியின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஒருங்கே ஏறின. ஒரு ரயர் வாங்குவதே பெரும்பாடாகிவிட்ட குடும்பத்தில் விளக்கும் பையும் பின்னுக்குத் தள்ளப்படுவது இயல்பே. ஆயினும் இத்தகைய துணைப்பொருள்களிற் பலவற்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். செய்யவே கூடாதவை இரண்டும் உண்டு; அவற்றைப் பின்னர்க் கூறுவோம்.

வீட்டிற் செய்தது என்றால் இழிவென்று மாணவர் கருத வேண்டா. காற்றடைத்த ரயரே அவ்வாறு பிறந்ததுதான். பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கல்லிலும் மண்ணிலும் அதிர்ந்து ஓடுவதைக் கண்டார். 1887ஆம் ஆண்டிலே மெல்லிய இறப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, துணியாற் சுற்றி ஒரு மரத்தட்டின் விளிம்பிற் பொருத்தி, காற்றடித்து முற்றத்திலே உருட்டிப் பார்த்தார். பழைய சக்கரம் பாதியில் விழ, புதியது நெடுந்தூரம் ஓடிற்று. மறு ஆண்டே காப்புரிமை பெற்றார். தொம்சன் என்பவர் 1845இலேயே இதே உபாயத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. அது வேறு கதை.

நம்மவருக்கும் இக்கலை புதிதன்று. போர்க்காலத்தில் 1990ஆம் ஆண்டு முதலாக வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எரிபொருள், பற்றரி முதலியவை செல்வதற்குத் தடை இருந்தது. மின்சாரமும் இல்லை. அந்நாளிலே மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டினர். ஒருவர் சுழற்ற, வீட்டாரும் அயலாரும் சூழ இருந்து செய்தி கேட்பர். சுழற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும்! 2002ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தடை தளர்த்தப்படும்வரை, பல குடும்பங்களுக்கு உலகச் செய்தி வந்த வழி இதுவே.

அதன் நுட்பத்தை விஞ்ஞானம் பயிலும் மாணவர் அறிந்திருத்தல் நன்று. ரயரோடு உரசிச் சுழலும் சாதாரணத் தைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று அளவினது. அது தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியதோ நேரோட்டம். நான்கு இருவாயிகளைப் பாலம் போல இணைத்து ஓட்டத்தை ஒருதிசைப்படுத்தி, பின்னர் 1000 மைக்ரோபரட் அளவுள்ள ஒரு கொள்ளளவியால் அதன் ஏற்றத்தாழ்வைத் தணித்தால் வேலை முடிந்தது. ஆனால் வேகம் கூடக் கூட வோல்ற்றளவும் கூடும். ஆதலால் இக்காலத்துக் கைத்தொலைபேசியை இதனோடு நேரே இணைத்தல் ஆகாது. 5 வோல்ற்றில் நிறுத்தும் சீராக்கி இடையில் இருத்தல் வேண்டும்.

தைனமோ விளக்குக்கு ஒரு குறையுண்டு: வண்டி நின்றால் விளக்கும் அணையும். வீதியைக் கடக்கக் காத்து நிற்கும் வேளையிலேதான் பின்விளக்கு மிகவும் தேவை. எனவே பின்விளக்கைத் தனியாகச் செய்வது நலம். பழைய விளையாட்டுப் பொருளிலிருந்து சிவப்பு ஒளியுமிழ் இருவாயி ஒன்றைக் கழற்றி எடுங்கள். சிறு ரோச் லைற்றுக்குரிய 1.5 வோல்ற்றுப் பற்றரிகள் இரண்டு, 68 ஓம் தடை ஒன்று, ஒரு சிறு ஆளி ஆகியவற்றைத் தொடராக இணையுங்கள். இருவாயியின் நீண்ட கால் பற்றரியின் நேர்முனைப் பக்கம் இருத்தல் வேண்டும். இவற்றை ஒளி ஊடுருவும் மருந்துக் குப்பியில் அடக்கி, பழைய ரியூபில் வெட்டிய பட்டியால் ஆசனத்தின் கீழ்த் தண்டிலே இறுகக் கட்டுங்கள். குப்பியின் அடியில் ஊசித்துளை ஒன்று இடுங்கள். மாரிகாலத்தில் உள்ளே புகும் நீர் வழிந்தோட அது உதவும்.

பழைய இறுவட்டுகளைப் பின்னாலே கட்டித் தொங்கவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பகலில் வானவில் காட்டும். இரவில் அதனை நம்புதல் கூடாது. அது கண்ணாடியைப் போன்றது. நேரே விழும் ஒளியை மட்டுமே வந்த வழியில் திருப்பும். சற்றுச் சாய்ந்தாலும் ஒளியை வேறு திசைக்கு அனுப்பிவிடும். சைக்கிளின் சிவப்பு வில்லையோ எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த பக்கமே திருப்புமாறு உள்ளே சிறு மூலைகள் அமைந்தது. வீதிப்பணியாளர் அணியும் அங்கியின் ஒளிரும் பட்டியும் வேறு அமைப்பால் அதே வேலையைச் செய்யும். கிழிந்து கழித்த அங்கி கிடைத்தால் அப்பட்டியை வெட்டிப் புத்தகப் பையின் பின்புறத்திலே தைத்துவிடுங்கள்.

மிச்சமுள்ள துண்டுகளை வளையமாகத் தைத்துக் கணுக்கால்களில் அணியலாம். ஏன் கணுக்காலில்? 1973ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து உளவியலறிஞர் குன்னார் யொஹான்சன், மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளி தாங்கிய ஒருவரை இருளில் நடக்கவைத்துக் காட்டினார். அப்புள்ளிகளின் அசைவைக் கண்ட மாத்திரத்தே, நடப்பவர் மனிதர் என்று பார்த்தோர் அறிந்துகொண்டனர். மிதிக்கும் காலும் அவ்வாறே. மேலுங்கீழும் அசையும் இரு ஒளிக்கீற்றுகளைக் காணும் சாரதி, முன்னே செல்வது சைக்கிள் என்று தெளிவார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். சாரதி கண்டு, தடுப்பை மிதித்து, வண்டி நிற்பதற்குள் 40 மீற்றருக்கு மேல் கடந்துவிடும். அவர் ஒரு வினாடி முந்திக் காண்பதே உயிர் பிழைக்கப் போதுமானதாகலாம். காற்சட்டை செயினில் அகப்படாமற் காப்பதும் இவ்வளையத்துக்கு ஒரு கூடுதல் பயன்.

இனிச் சுமை. வெறுமையான உரப்பைகள் இல்லாத வீடு வன்னியில் அரிது. இரண்டைக் கழுவிக் காயவைத்து, அகலமான தடித்த துணிப்பட்டி ஒன்றின் இரு முனைகளிலும் தைத்துக் கரியரின் மேல் குறுக்காக இட்டால் இருபுறமும் தொங்கும் நல்ல பைகள் ஆகும். பைகளின் உட்புறத்தில் மெல்லிய பலகையோ தடித்த அட்டையோ வைத்துத் தைக்க வேண்டும்; இல்லையேல் பாரம் ஏறியதும் பை சக்கரத்துக்குள் சென்றுவிடும். மிதிக்கையிற் குதிகால் படாதவாறு சற்றுப் பின்னே தள்ளிக் கட்டுதலும் அவசியம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தம்பியையோ தங்கையையோ கரியரில் ஏற்றிச் செல்லாத வீடில்லை. சின்னப்பிள்ளையின் கால் ஓடும் சக்கரத்தின் கம்பிகளுக்குள் அகப்பட்டால் குதிகாலின் தசை பிய்ந்துவிடும், எலும்பும் முறியும். உடைந்த பிளாஸ்ரிக் கலனிலிருந்து இரு பெரிய தகடுகளை வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கி, துளையிட்டு, பின்சக்கரத்தின் இருபக்கத்திலும் கரியரின் தாங்கு கம்பிகளோடு கட்டுங்கள். ஒரு மணி நேர வேலை. இக்கட்டுரையிலே ஒன்றை மட்டுந்தான் செய்ய நேரமுண்டு என்பவர் இதனையே செய்வாராக.

ரியூபுக்கு ஒட்டுப் போட அறியாதார் நம்மூரில் இல்லை எனலாம். எனினும் போட்ட ஒட்டு மறுநாளே கழன்றது என்னும் முறைப்பாட்டைக் கேட்கிறோம். இதற்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். பழைய ரியூபிலிருந்து ஒட்டை வட்டமாக வெட்டுங்கள். மூலை இருந்தால் அங்கிருந்து கிளம்பும். இரு பக்கத்தையும் அரத்தாளாற் தேய்த்து, சொலுசன் பூசி, அது பளபளப்பு நீங்கி உலரும்வரை காத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நில்லாது. நெருஞ்சி முள் மலிந்த ஒழுங்கைகளிற் செல்வோர், பழைய ரியூபை நீளமாகப் பிளந்து ரயருக்கும் ரியூபுக்கும் இடையே படுக்க வைத்தால் சிறு முட்கள் தடுக்கப்படும். வண்டி சற்றே பாரமாக ஓடும், தாங்கிக்கொள்ளலாம்.

வீட்டிற் செய்யக் கூடாதவை இரண்டு என்றோம். தலைக்கவசம் ஒன்று. அதனுள் இருக்கும் நுரைப்படலம் மோதலில் நசுங்கித் தலைக்கு வரும் அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்வது. சோதித்து அளந்து செய்யப்படும் அதற்கு, தேங்காய்த் தும்பும் பழந்துணியும் ஈடாகா. ஒருமுறை பலமாக மோதிய கவசமும் மீண்டும் உதவாது. மற்றையது பிறேக். தேய்ந்த கட்டைக்குப் பதிலாகச் செருப்பின் இறப்பரைச் செதுக்கிப் பொருத்துவோர் உளர். காய்ந்த நிலத்தில் அது பிடிப்பது போலத் தோன்றும். மழையில் நனைந்ததும் வழுக்கும். பிறேக் கட்டைக்கு மாத்திரம் காசைப் பாராது கடைக்குச் செல்லுங்கள். பூட்டிய பின் வண்டியை முற்றத்தில் உருட்டி, முன் பிறேக்கையும் பின் பிறேக்கையும் தனித்தனியே பிடித்துப் பார்த்து, சக்கரத்தில் ஒரு வாளி நீரை ஊற்றி மறுபடியும் பிடித்துப் பாருங்கள்.