நாற்சார் வீடும் புதிய அறையும்

யாழ்ப்பாணத்துப் பழைய நாற்சார் வீடுகளோடு புதிய அறைகளைச் சேர்க்கும் வேலை ஊர்தோறும் நடைபெறுவதைக் காண்கின்றோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்விற் கைவிடப்பட்டு, கூரை சரிந்து, பின்னர் திருத்தப்பெற்ற வீடுகளும் இவற்றுள் உள. வேலைக்குக் காரணம் பெரும்பாலும் முதியோரின் தேவையே. மாரிகாலத்து இரவிலே, வளவின் கோடிப்புறத்து மலசலகூடத்துக்குக் குடைபிடித்து நடப்பது எழுபது வயதைக் கடந்தவருக்கு எத்துணை இடர் என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஆதலின், பழைய வீட்டைத் தொடவே கூடாதென்று நாம் உபதேசிக்க வரவில்லை. எங்கே சேர்ப்பது, எவ்வாறு சேர்ப்பது என்பதையே சிறிது ஆராய விரும்புகின்றோம்.

பலரும் முதலிற் கண்வைப்பது நடுமுற்றத்தின் மீதுதான். சுற்றிலும் தூண்களும் சுவர்களும் ஆயத்தமாக நிற்கின்றன. மேலே ஒரு கொங்கிறீற்றுத் தட்டைப் பரப்பிவிட்டால் மண்டபம் ஒன்று கிடைத்துவிடும் என்பது அவர்தம் கணக்கு. பாரத்தை அவர்கள் எண்ணுவதில்லை. 100 சதுர அடிப் பரப்பும் 4 அங்குலத் தடிப்பும் கொண்ட தட்டு ஏறக்குறைய 2¼ தொன் நிறையுடையது. சுண்ணாம்புக் கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் எழுந்த சுவரோ, பனங் கைமரங்களையும் ஓட்டையும் சுமப்பதற்கென்றே கட்டப்பட்டது. அன்றியும், நான்கு சார்களின் உட்புறக் கூரைகளும் தம் நீரை அம்முற்றத்திலேயே வடிக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை வந்ததும் அந்நீர் போக்கிடமின்றிச் சுவரிலே சுவறுகின்றது. உள்ளறைகளின் வெளிச்சமும், வெப்பக்காற்று மேலெழுந்து வெளியேறும் வழியும் அம்முற்றமேயன்றி வேறில்லை.

அவ்வாறு மூடப்பட்ட வீடொன்றுக்கு அண்மையில் நாம் சென்றிருந்தோம். நண்பகலிலும் மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாருக்காக அவ்வேலை முழுவதும் செய்யப்பட்டதோ, அந்த ஆச்சி புதிய குளியலறையை மனமாரப் புகழ்ந்தார். பின்னர் குரலைத் தாழ்த்தி, “பிள்ளையள், முத்தத்தை மூடினாப் பிறகு மழை பெய்யிறதும் எனக்குத் தெரியேல்லை” என்றார். மகன் அப்போது அருகில் இல்லை.

அக்குளியலறையை வீட்டின் பின்புறத்திலோ பக்கத்திலோ தனியே எழுப்பி, கூரையிட்ட சிறு நடையொன்றினால் விறாந்தையோடு இணைத்திருக்கலாம். புதிய பகுதிக்குத் தனி அத்திவாரம் வேண்டும். பழைய சுவர் பல்லாண்டுகளாக மண்ணில் அமர்ந்து உறுதிப்பட்டுவிட்டது. புதியது இனித்தான் அமரப்போகின்றது. இரண்டையும் இறுகப் பிணைத்தால் பொருத்திலே வெடிப்பு ஏற்படும். ஆகவே இடையே சிறு இடைவெளிவிட்டு, மழை புகாதவாறு தகட்டினால் மறைத்தல் தக்கது. புதிய கூரை பழைய தாழ்வாரத்தினும் தாழ்ந்து நின்றால், பழைய ஓட்டிலிருந்து விழும் நீர் தடைப்படாது. மேசன்மார் சிலர் சுவர்களெல்லாம் ஒரே தோற்றமாக இருக்கட்டுமென்று பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டுச் சீமெந்து பூசுவர். இதற்கு இணங்கவே கூடாது. சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டிருப்பது. சீமெந்து அவ்வீரத்தை உள்ளேயே அடைத்துவிட, சுவர் உப்புப் பூத்து உதிரத் தொடங்கும்.

முற்றம் நாகரிகத்துக்கு ஒவ்வாதது என்போருக்குக் கொழும்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளுள் ஒன்றை 1958இல் பெற்றார். பத்தாண்டு காலத்துள் ஏனையவற்றையும் பெற்று, நான்கையும் ஒரே இல்லமாக இணைத்தார். அவ்வாறு இணைத்தபோது, இடையிடையே வானம் தெரியும் சிறு முற்றங்களை அமைத்தார். நாமோ இருக்கின்ற முற்றத்தை அடைக்கின்றோம்!

மலக்குழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். குடாநாட்டின் நிலத்தடி வெடிப்புகளும் துவாரங்களும் நிறைந்த சுண்ணாம்புக்கல். குழியிலிருந்து கசிவது அதனூடாக எளிதிற் கிணற்றை அடையும். கட்டிலுக்கு அருகே குளியலறை வந்துவிட்டதென்று குழியையும் கிணற்றுக்கு அருகே கொண்டுவருவோர் உளர். குழாயைச் சற்று நீளமாக இழுத்தால் ஆகும் மேலதிகச் செலவு பெரிதன்று. வீட்டுப் படம் வரையும்போது, தம் கிணற்றையும் அயல்வளவுக் கிணறுகளையும் முதலிற் குறித்துக்கொண்டு, அடுத்து மலக்குழியின் இடத்தையும், அதன் பின்னரே அறையையும் குறித்தல் நன்று.