அலுவலும் மிதிவண்டியும்

இன்று கல்லூரித் திடலில் பந்தாடும் இளைஞர் நாளை அலுவலகத்து நாற்காலியில் அமர்கிறார். உண்ணும் சோற்றின் அளவு மாறுவதில்லை. உடலின் உழைப்போ வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சில ஆண்டுகள் கழிந்ததும் இடைவார் போதாமற் போகிறது. "உடற்பயிற்சி செய்யலாமே" என்றால், "நேரம் ஏது?" என்ற விடையே கிடைக்கிறது. அவ்விடையில் உண்மையும் உண்டு. ஆகவே, நேரம் இல்லாதவர் மிதிவண்டியைக் கொண்டு உடலைப் பேணுவது எவ்வாறு என்பதை இன்று ஆராய விரும்புகிறேன்.

உட்கார்ந்து செய்யும் வேலை உடலை என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று இலண்டன் பேருந்துகளில் நடந்தது. ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் தம் துணைவர்களுடன் அதன் முடிவுகளை 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார்; நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறியிறங்கிக்கொண்டே இருப்பார். ஓட்டுநரைக் காட்டிலும் நடத்துநருக்கு மாரடைப்பு நோய் குறைவாகவே வந்தது. மாரிஸ் குழுவினர் அத்துடன் நிறைவடையவில்லை. சீருடை அளவுகளையும் ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாயிருந்தது. இளவயதினரிடமும் அவ்வேறுபாடு காணப்பட்டது. ஆதலால் பழி முழுவதையும் இருக்கையின்மேல் சுமத்த இயலாது என்பதும் புலனாயிற்று. பின்னர் அவர்கள் பிரிட்டிஷ் அரசு அலுவலர்களை ஆராய்ந்தனர். 1990-இல் வெளியான முடிவின்படி, கடும் விளையாட்டு, மிகுதியான மிதிவண்டி ஓட்டம் போன்றவற்றில் ஈடுபட்டோருக்கு மாரடைப்பு மற்றவரினும் வெகுவாகக் குறைந்திருந்தது. வேலை நம்மை உட்கார வைத்தாலும், எஞ்சிய நேரம் நம்மைக் காக்கக்கூடும் என்பது இதனால் விளங்குகிறது.

இனி எடையைப் பற்றிய கணக்கைப் பார்ப்போம். வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் இடையே 8 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் போக அரைமணி, வர அரைமணி. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அந்த ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 420 கலோரி செலவிடுவார். வாளா இருந்தாலும் 70 கலோரி செலவாகியே இருக்கும். அதனைக் கழித்தால் 350. வாரத்தில் ஐந்து நாளுக்கு 1,750. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கிய ஆற்றல் ஏறக்குறைய 7,700 கலோரி. ஆகவே ஒரு கிலோ குறைய நாலரை வாரம் வேண்டும். அதுவும் உணவு ஒரு பிடியும் கூடாதிருந்தால்!

இங்கேதான் பலர் தோற்கின்றனர். மிதித்து வந்தவருக்குப் பசி எடுக்கும். "இவ்வளவு உழைத்தோமே" என்ற மனநிறைவும் கையை நீட்டச் செய்யும். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9. நாள்தோறும் மூன்று குவளைக் காப்பி, குவளைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் 120 கலோரி ஆகிவிடும். மாலைப் பலகாரத்தோடு இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் உள்ளே சென்றால் மேலும் 240. ஒரு மணி நேர உழைப்பு அங்கே கரைந்துவிட்டது. எடையைக் குறைப்பதில் பெரும்பங்கு உணவுக்கே உரியது. பட்டினி கிடக்குமாறு நான் கூறவில்லை. சோற்றைச் சிறிது குறைத்துப் பருப்பு, சுண்டல், மோர், காய்கறிகளைக் கூட்டினால் பசியும் அடங்கும், தசையும் தேயாது. மிதிவண்டி இதயத்தை வலுப்படுத்தும். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் காக்கவும் துணைசெய்யும்.

பயணம் வேறு, பயிற்சி வேறு. என்றும் ஒரே வேகத்தில் சென்றால் உடல் அதற்குப் பழகி அத்துடன் நின்றுவிடும். ஆகவே பெரும்பாலான நாட்களில் பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவில் மிதியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும், வீடு திரும்பும்போது, நெரிசலில்லாத சாலையில், முதலில் உடல் சூடேறும்வரை மெல்ல ஓட்டிப் பின்பு இரண்டு நிமிடம் விரைந்தும் இரண்டு நிமிடம் தளர்ந்தும் ஐந்து முறை செல்லுங்கள். இதற்கு இருபது நிமிடமே ஆகும். காலையில் இதனைச் செய்து வியர்வையோடு அலுவலகம் புக வேண்டுவதில்லை. புதிதாகத் தொடங்குவோர் வாரத்துக்கு இரண்டு நாள் பயணம் என்று தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை. மிதிகட்டை கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்குமாறு இருக்கையை உயர்த்திக்கொள்க. தாழ்ந்த இருக்கை முழங்காலை வருத்தும். தலைக்கவசமும் இரவில் விளக்கும் இன்றியமையாதவை. நெஞ்சுவலியோ இதயநோயோ உடையவர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

நேரத்தை உறக்கத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். வயது வந்தவர்க்கு ஏழு மணி நேர உறக்கமேனும் வேண்டும்; அது குறைந்தால் பசி மிகும், பயிற்சியின் பயன் குன்றும். பேருந்துக்குக் காத்திருந்து செல்ல நாற்பது நிமிடம் ஆகுமாயின், அரைமணியில் சேர்க்கும் மிதிவண்டி நமக்கு நேரத்தை ஈட்டியே தருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாம் கணக்கிட்ட ஐந்து நாள் பயணமே 300 நிமிடம் ஆகிவிடுகிறதன்றோ? அலுவலகம் மிகத் தொலைவில் இருப்பின், இரயில் நிலையம் வரையிலேனும் மிதித்துச் செல்லலாம்.

மாணவ நண்பர்களே, உங்களுள் பலர் இன்று மிதிவண்டியிலேயே கல்லூரிக்கு வருகிறீர்கள். முதற்சம்பளம் கைக்கு வந்ததும் அதனை விற்றுவிட எண்ணாதீர்கள். அதன் அருமை அப்போதுதான் தொடங்குகிறது.