கண்ணை மூடினாலும் மினுங்கும் ஒளி

1896இல் பிரெஞ்சு விஞ்ஞானி டார்சோன்வால் ஒரு சோதனை செய்தார். பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை வைத்து, சுருளில் மாறுதிசை மின்சாரத்தை ஓடவிட வேண்டும். தலை லேசாகச் சுற்றும். பார்வையின் ஓரத்தில் நிறமில்லாத ஒளி மினுங்கும். கண்ணை இறுக மூடினாலும் மினுங்கல் நிற்காது. எந்த விளக்கும் எரியவில்லை. பிறகு அந்த ஒளி எங்கிருந்து வந்தது?

விழித்திரையிலிருந்துதான். காந்தப்புலம் ஏறி இறங்கும்போது அருகிலிருக்கும் கடத்தியில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இலேயே விஞ்ஞானி பாரடே காட்டியிருந்தார். உப்புநீர் நிறைந்த நம் உடலும் ஒரு கடத்திதான். அங்கே பிறக்கும் துளி மின்சாரத்தை விழித்திரை உணர்ந்து, 'ஒளி' என்றே மூளைக்குச் சொல்லிவிடுகிறது. குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்துக்கு மனிதச் செல் பதில் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் அளவைப் பாருங்கள். நொடிக்கு 20 முறை மாறும் புலத்தில் இந்த மினுங்கல் தெரிய சுமார் 5 மில்லிடெஸ்லா வேண்டும். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகிறது. சாதனங்களை விட்டுத் தள்ளி அளந்தால், வீட்டுக்குள் இருக்கும் புலம் பொதுவாக 0.1 மைக்ரோடெஸ்லா அளவில்தான் இருக்கும். அதாவது ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. டி.என்.ஏ. இழையை அறுக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

அப்படியானால் மின்சாரத்தின் காந்தப்புலத்தால் புற்றுநோய் வரும் என்ற பயம்? 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த ஆய்வில் தொடங்கியது அது. பின்னர் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளின் குழந்தைகளிடம் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்காகத் தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. காந்தப்புலம்தான் காரணம் என்று நிரூபணமாகவும் இல்லை. அதனால்தான் 2002இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது' என்ற பிரிவில் மட்டும் வைத்தது.

இதே இயற்பியல் மருந்தாகவும் பயன்படுகிறது. கூடாமல் நிற்கும் எலும்பு முறிவின் மேல், மாவுக்கட்டோடு சேர்த்துச் சுருளைக் கட்டி, துடிப்புத் துடிப்பாகக் காந்தப்புலம் கொடுக்கும் சிகிச்சைக்கு 1979இல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதற்காக, கடையில் விற்கும் காந்தக் காப்பை அதோடு சேர்த்துவிட வேண்டாம். அதன் புலம் மாறுவதே இல்லை.

தூரம் கூடக்கூட, சாதனங்களின் புலம் மளமளவென்று சரிந்துவிடும். குழந்தையின் தலைமாடு மின்மீட்டர் பெட்டியையோ இன்வெர்ட்டரையோ ஒட்டியிருந்தால், கட்டிலை ஒரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். காசு செலவில்லாத வேலை.