உலகக் கோப்பை நம்ம நாட்டுக்கே வந்துச்சு... உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?

2022 அக்டோபர் 23. மெல்போர்ன்ல பாகிஸ்தானுக்கு எதிரா விராட் கோலி ஆடின அந்த 82 ரன் இன்னிங்ஸை எங்க உட்கார்ந்து பார்த்தீங்கன்னு கேட்டா, யோசிக்காம சொல்வீங்க. மறுநாள் தீபாவளி வேற.

சரி, இன்னொரு கேள்வி. அதே வாரம் இந்தியாவிலேயே ஒரு ஃபிஃபா உலகக் கோப்பை நடந்துக்கிட்டிருந்தது. எந்தெந்த ஊர்ல? கோப்பை யாருக்கு?

தெரியலையா? கவலைப்படாதீங்க, பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது. அது 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை. புவனேஸ்வர், கோவா, நவி மும்பை என மூன்று இடங்களில் அக்டோபர் 11 முதல் 30 வரை நடந்தது. இறுதிப்போட்டியில் கொலம்பியாவை 1-0 என வீழ்த்தி ஸ்பெயின் கோப்பையைத் தூக்கியது.

ஒரு நாடு உலகக் கோப்பையை நடத்துது. அந்த நாட்டு மக்களுக்கே அது தெரியலைன்னா தப்பு யார் மேல? 'நம்ம ஊர்ல கிரிக்கெட்டைத் தவிர எதுவும் ஓடாது பாஸ்' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், அந்தப் பதில் செல்லாது. ஏன்னா, அதுக்கு ஐந்து வருடம் முன்னாடி இதே இந்தியாவில் வேறு கதை நடந்தது.

2017: கூட்டம் வந்த கதை

2017 அக்டோபரில் ஆண்களுக்கான 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இங்கே நடந்தது. டெல்லி, கொல்கத்தா, கொச்சி, குவாஹாட்டி, கோவா, நவி மும்பை என ஆறு ஊர்கள், 24 அணிகள், 52 ஆட்டங்கள். மொத்தம் வந்த பார்வையாளர்கள் 13,47,133 பேர். கணக்குப் போட்டால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 25,900 பேர். 1985-ல் சீனா வைத்திருந்த 12.3 லட்சம் சாதனையை இந்தியா முறியடித்தது.

இத்தனைக்கும் ஆடினது எல்லாம் பெயர் தெரியாத பசங்க. சின்ன வயசுப் போட்டிகளை விற்பதில் இருக்கும் பெரிய சிக்கலே இதுதான். போஸ்டரில் போட மெஸ்ஸியோ ரொனால்டோவோ கிடையாது. எல்லோரும் எதிர்பார்த்த பிரேசிலின் வினிசியஸ் ஜூனியரையும் அவரது கிளப் ஃபிளமெங்கோ அனுப்பவில்லை.

இங்கிலாந்து அணியில் இருந்த ஃபில் ஃபோடனை அன்னிக்கு இங்கே எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? தொடரின் சிறந்த வீரர் விருதை வாங்கிட்டுத்தான் ஊருக்குப் போனார். இறுதிப்போட்டியில் ஸ்பெயினை இங்கிலாந்து 5-2 என வென்றதை கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் 66,684 பேர் நேரில் பார்த்தார்கள்.

அப்போ எதை வச்சு கூட்டத்தைச் சேர்த்தாங்க? மூன்று விஷயங்கள்.

முதலாவது, கதை. 1950 உலகக் கோப்பைக்கு வாய்ப்பு வந்தும் இந்தியா போகவில்லை. அதன்பிறகு ஃபிஃபா உலகக் கோப்பை ஒன்றில் இந்தியா களமிறங்கியது 2017-ல்தான் முதன்முறை. 'நம்ம பசங்க முதல்முறையா ஆடுறாங்க' என்ற ஒரு வரி போதும், விளம்பரம் தானாக நடக்கும்.

இரண்டாவது, பள்ளிகள். 'மிஷன் லெவன் மில்லியன்' என்ற திட்டத்தில் 1.1 கோடி பிள்ளைகளிடம் கால்பந்தைக் கொண்டுபோவதை இலக்காக வைத்தார்கள். பள்ளிகளுக்குப் பந்து போனது. ஒரு பிள்ளை மேட்ச் பார்க்கணும்னு அடம் பிடிச்சா, வீடே கிளம்பி வரும் என்பது நமக்குத் தெரியாதா என்ன!

மூன்றாவது, ஊர்த் தேர்வு. மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் சண்டையில் வளர்ந்த கொல்கத்தா, கால்பந்து வெறி பிடித்த கேரளம், கோவா, வடகிழக்கின் வாசலான குவாஹாட்டி. இந்த ஊர்களில் தேதியைச் சொன்னால் போதும், மிச்சத்தை மக்களே பார்த்துக்கொள்வார்கள். இங்கிலாந்து - பிரேசில் அரையிறுதி குவாஹாட்டியில் நடக்க வேண்டியது. மழையில் ஆடுகளம் கெட்டுப்போக, கடைசி நேரத்தில் கொல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அவ்வளவு குறைந்த அவகாசத்திலும் 63,881 பேர் வந்தார்கள்.

தோத்தா கூட்டம் வராதா?

'இந்தியா ஜெயிச்சாதான் கூட்டம் வரும்'னு ஒரு பேச்சு உண்டு. அதையும் 2017 பொய்யாக்கியது. முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-3. அடுத்து கொலம்பியாவிடம் 1-2. கடைசியாக கானாவிடம் 0-4. மூன்றும் தோல்வி. ஆனாலும் டெல்லி நேரு மைதானத்தில் மூன்று ஆட்டங்களுக்கும் பெருங்கூட்டம்.

கொலம்பியாவுக்கு எதிராக 82-வது நிமிடத்தில் மணிப்பூர் பையன் ஜீக்சன் சிங் தலையால் முட்டி கோல் அடித்தபோது மைதானமே அதிர்ந்தது. ஃபிஃபா உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல் அது. அடுத்த நிமிடமே கொலம்பியா பதில் கோல் அடித்துவிட்டது என்பது வேறு விஷயம்!

2022: என்ன ஆச்சு?

பெண்கள் உலகக் கோப்பை முதலில் 2020 நவம்பரில் நடக்க வேண்டியது. கொரோனா வந்தது. 2021-க்குத் தள்ளிப்போனது, பிறகு ரத்தானது, கடைசியில் 2022-ஐ இந்தியாவுக்குக் கொடுத்தார்கள். இதுவரை யாரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால், 2020-க்குத் திட்டமிட்டபோது ஐந்து ஊர்கள். 2022-ல் மூன்று. பட்டியலில் இருந்து காணாமல் போனவற்றில் கொல்கத்தாவும் குவாஹாட்டியும் அடக்கம். அதாவது, விளம்பரமே தேவைப்படாத ஊர்களை விட்டுட்டாங்க. இந்தியப் பெண்கள் கால்பந்தின் தாய்வீடான மணிப்பூர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அடுத்தது நிர்வாகக் குழப்பம். போட்டிக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், ஆகஸ்ட் நடுவில் இந்திய கால்பந்து சம்மேளனத்தை ஃபிஃபா சஸ்பெண்ட் செய்தது. நிர்வாகத்தில் வெளியாட்கள் தலையீடு என்பது காரணம். உலகக் கோப்பை நடக்குமா என்பதே சந்தேகமானது. ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்ட் வரை போய்விட்ட கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆடாமலேயே திரும்ப வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 26-ல்தான் தடை நீங்கியது.

அதற்கு முன்பு, 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் பயிற்சியாளர் குழுவில் இருந்த ஒருவர் பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டிருந்தார். யோசிச்சுப் பாருங்க, இந்தத் தொடர் பற்றி மக்கள் காதில் விழுந்த செய்திகள் இவைதான். விளம்பரம் செய்ய வேண்டிய மாதங்கள் எல்லாம் வழக்கு, தடை, விசாரணை என்று போயின. போட்டிக்கென ஆசிய சிங்கத்தின் உருவில் 'இபா' என்று அழகான சின்னம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது, காலண்டர். அக்டோபர் 16-ல் டி20 உலகக் கோப்பை தொடங்கியது. இறுதிப்போட்டி நடந்த அக்டோபர் 30 அன்று இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பெர்த்தில் மேட்ச். நம்ம கண்ணு எங்க இருந்திருக்கும்னு சொல்லணுமா?

'பெண்கள் மேட்ச்னாலதான்' என்பவர்களுக்கு

2022-ஐயே எடுத்துக்கொள்வோம். அந்த ஏப்ரலில் பார்சிலோனா பெண்கள் அணியின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியைப் பார்க்க கேம்ப் நூவுக்கு வந்தவர்கள் 91,648 பேர். ஜூலையில் இங்கிலாந்து பெண்கள் யூரோ கோப்பையை வென்ற இறுதிப்போட்டிக்கு வெம்பிளியில் 87,192 பேர். இதே இங்கிலாந்து, 1921 முதல் 50 வருடங்கள் தன் கிளப் மைதானங்களில் பெண்கள் ஆடவே தடை போட்டிருந்த நாடு. கூட்டம் வானத்தில் இருந்து குதிக்கவில்லை. பல வருடம் சேர்த்தார்கள், சேர்ந்தது.

அங்கேயும் சறுக்கல் உண்டு. அந்த யூரோவில் சில ஆட்டங்களை ஐயாயிரம் பேர்கூட உட்கார முடியாத மான்செஸ்டர் சிட்டி அகாடமி மைதானத்தில் வைத்தார்கள். ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னர்ஸ்டோட்டிர் அதை வெளிப்படையாகவே விமர்சித்தார். நடத்துபவர்களே 'இதுக்கு யார் வரப்போறா' என்று நினைத்தால், ரசிகன் மட்டும் எப்படி நம்புவான்?

சாலை போட்ட பெற்றோர்

2022 இந்திய அணியின் கேப்டன் ஜார்க்கண்டைச் சேர்ந்த அஸ்தம் ஓரான். அவர் கேப்டன் ஆனதும் அவருடைய கிராமத்துக்கு அரசு சாலை போட ஆரம்பித்தது. மகள் ஆடுவதைப் பார்க்க வீட்டுக்கு டிவியும் வந்தது. அந்தச் சாலை வேலையில் அவருடைய பெற்றோரே தினக்கூலிக்கு வேலை பார்த்தார்கள் என்று செய்திகள் வந்தன.

இதைவிட ஒரு கதை வேணுமா? 2017-ல் 'நம்ம பசங்க' என்று விற்றதுபோல, 'நம்ம பொண்ணுங்க' என்று அஸ்தமின் கதையை நாடு முழுக்க ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தால்? அது போட்டி தொடங்கும் நேரத்தில் வந்து, ஒரு நாள் செய்தியாகவே போய்விட்டது. புவனேஸ்வரில் முதல் ஆட்டத்தில் அமெரிக்காவிடம் 0-8 என்ற ஸ்கோர் மட்டும் எல்லோருக்கும் மீம் ஆனது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்தமுறை எந்த நாடு எந்தப் போட்டியை நடத்தினாலும், ஒழுங்கா விளம்பரப்படுத்துறாங்களான்னு நீங்களே பார்த்துவிடலாம். இந்த ஐந்து கேள்விகள் போதும்:

* போட்டிக்கு ஆறு மாதம் முன்பே தேதியும் ஊரும் சாதாரண ஆளுக்குத் தெரியுமா?
* சொந்த அணியில் மூன்று பேரின் பெயராவது மக்களுக்குத் தெரியுமா?
* அந்த விளையாட்டு ஏற்கெனவே ஓடும் ஊர்களுக்கு ஆட்டம் கிடைத்திருக்கிறதா?
* நாட்டின் பெரிய விளையாட்டோடு தேதி மோதுகிறதா?
* போட்டி முடிந்த அடுத்த வருடம் அந்தப் பிள்ளைகள் ஆட ஓர் இடம் இருக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அதில் 2017-க்கும் முழு மார்க் கிடையாது. அந்தப் பசங்களை வைத்து ஐ-லீக்கில் ஆடிய இந்தியன் ஆரோஸ் அணியை 2022-ல் கலைத்துவிட்டார்கள். 2027 ஆசியக் கோப்பையை நடத்தும் போட்டியில் இருந்தும் இந்தியா 2022 டிசம்பரில் விலகியது. கூட்டத்தை ஒரு மாதம் சேர்ப்பது விளம்பரம். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு பிள்ளை மறுநாள் பந்தை உதைக்க ஒரு மைதானமும், ஆட ஒரு லீக்கும் வேணும். நாம கோட்டை விட்டது அங்கேதான்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். 2023 ஜூனில் அமிர்தசரஸில் நடந்த தேசிய சீனியர் பெண்கள் கால்பந்து இறுதியில் ஹரியானாவை 2-1 என வீழ்த்தி சாம்பியன் ஆனது ஓர் அணி. எந்த மாநிலம் தெரியுமா?

தமிழ்நாடு.

அதையும் உங்களுக்கு யாரும் சொல்லலை, இல்லையா?